'மைனிங் கார்டா ப்ரோ?' என்கிற வெட்டிக் கேள்வி

பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் கட்ட ஆசைப்படுகிற காலேஜ் பையனுக்கு இந்த உலகத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அட்வைஸுக்கு மட்டும் பஞ்சமே வராது. லீவு நாளில் கேட்டரிங் வேலைக்குப் போய், பந்தியில் சாம்பார் வாளி தூக்கி, பத்துப் பன்னிரண்டாயிரம் சேர்த்து வைத்திருப்பான். செகண்ட் ஹேண்டில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்ததும் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். "எல்லாம் மைனிங்ல போட்டு அடிச்ச கார்டுடா, மூணு மாசத்துல புட்டுக்கும்" என்பான் ஒருத்தன். "இன்னும் ஆறு மாசம் பொறு, சேர்த்து வச்சுப் புதுசாவே வாங்கிடு" என்பான் அப்பா காசில் ஐபோன் வைத்திருக்கிற இன்னொருத்தன்.

இரண்டுமே பேத்தல். முதலாவது பழைய பேத்தல். இரண்டாவது காஸ்ட்லியான பேத்தல்.

முதலில் இந்த மைனிங் பூதத்தைப் பார்த்துவிடலாம். எத்தீரியம் என்கிற கிரிப்டோ நாணயத்தை உண்டாக்க கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக அடுக்கி இரவும் பகலும் ஓடவிட்டார்கள். 2017-லும், அப்புறம் 2020 கடைசியிலிருந்து 2022 வரையிலும் இந்தக் கூத்து உச்சத்தில் இருந்தது. கடையில் கார்டே கிடைக்காது, கிடைத்தாலும் இரட்டை விலை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. அன்றோடு கிராபிக்ஸ் கார்டுக்கு அங்கே வேலை இல்லை. மற்ற சில்லறை நாணயங்களில் கிடைப்பது கரண்ட் பில்லுக்கே பத்தாது. பெரிய அளவில் மைனிங் செய்தவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள்.

இப்போது ஒரு சின்னக் கூட்டல் கழித்தல். ஆர்.எக்ஸ். 6600 வந்தது 2021 அக்டோபரில். அதை எவ்வளவு பேராசைக்காரன் வாங்கியிருந்தாலும் பதினோரு மாதத்துக்கு மேல் எத்தீரியம் தோண்டியிருக்க முடியாது. ஆர்.டி.எக்ஸ். 4060 மாதிரி 2023-ல் வந்த கார்டுகள் அந்தக் கூத்தைப் பார்க்கவே இல்லை. பழைய 4 ஜி.பி. கார்டுகளின் கதை இன்னும் தமாஷ். எத்தீரியம் தோண்ட மெமரிக்குள் ஏற்றவேண்டிய கோப்பு ஒன்று நாளாக நாளாகப் பெருத்துக்கொண்டே போய், 2020 கடைசியிலேயே 4 ஜி.பி.யைத் தாண்டிவிட்டது. அதோடு அந்தக் கார்டுகள் ஆட்டத்தை விட்டே வெளியே. ஆக, எவனோ மைனிங் ஓட்டிய கார்டாகவே இருந்தாலும், அது ஓடி நின்று மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் அது இன்னொருத்தர் வீட்டு கேபினெட்டில் கேம் ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. "மூணு மாசத்துல புட்டுக்கும்" என்ற ஜோசியம் எப்போதோ காலாவதி. சொல்கிறவர்தான் காலண்டரைக் கிழிக்கவில்லை :-)

சரி, மைனிங் கார்டைக் கெடுக்கவே கெடுக்காதா? கெடுக்கும். ஆனால் ஊரார் நினைக்கிற இடத்தில் அல்ல. ஒழுங்காக மைனிங் செய்தவன் வியாபாரி. அவனுக்கு ஒவ்வொரு யூனிட் கரண்டும் செலவுக் கணக்கு. அதனால் சிப்புக்குப் போகிற வோல்டேஜைக் குறைத்து, பவர் லிமிட்டை இறக்கி, காற்றோட்டமான ஸ்டாண்டில் வைத்து ஒரே சூட்டில் ஓட்டுவான். கேம் விளையாடுகிறவன் அப்படியா? மத்தியானம் இரண்டு மணிக்கு, ஃபேன் காற்றே அனல் அடிக்கிற மாடி ரூமில், தூசி அடைத்த கேபினெட்டுக்குள், கார்டை எண்பது டிகிரிக்கு ஏற்றுவான். சாப்பிடப் போவான், ஆறும். திரும்ப வந்து ஏற்றுவான். சூடாகிச் சூடாகி ஆறுவதில்தான் ஈய இணைப்புகள் விரிந்து சுருங்கி விரிசல் விடும். ஒரே சூட்டில் ஓடுகிற மைனிங் கார்டில் இந்தத் தொல்லை குறைவு.

மைனிங்கில் தேய்வது ஃபேன். இரவு பகலாகச் சுற்றியதில் பேரிங் போய்விடும், "கர்ர்ர்" என்று சத்தம் வரும். தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகும், மெமரி மேல் ஒட்டியிருக்கும் பேடுகள் இறுகிப்போகும். ஃபேனும் பேஸ்டும் பேடும் மாற்றக்கூடிய சாமான்கள். டி.வி.எஸ். 50-க்குப் பிரேக் ஷூ மாற்றுவதில்லையா? அது போலத்தான். உண்மையாகவே பயப்பட வேண்டியது ஆர்.டி.எக்ஸ். 3080, 3090 மாதிரி, மெமரியே நூறு டிகிரிக்கு மேல் கொதித்த ரகங்களுக்கு. பன்னிரண்டாயிரம் பட்ஜெட்காரனுக்கும் அவைகளுக்கும் சம்பந்தமே இல்லை.

இதைவிட வேடிக்கை, கேமிங் சென்டரில் பதிநான்கு மணி நேரம் ஓடிய கார்டா என்று யாருமே கேட்பதில்லை. அரைகுறை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டியதா, உப்புக் காற்று அடிக்கிற கடலோர வீட்டில் இருந்ததா, எதுவும் கிடையாது. ஒரே கேள்விதான், கிளிப்பிள்ளை மாதிரி. "மைனிங் கார்டா ப்ரோ?"

இந்தக் கேள்வி வெட்டி மட்டுமல்ல, கெடுதலும்கூட. ஏன் என்பதற்கு காமர்ஸ் படிக்கிற பசங்களுக்குப் பழக்கமான ஒரு கட்டுரை இருக்கிறது. ஜார்ஜ் அகர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதியது (2001-ல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட மூவரில் அவரும் ஒருவர்). அவர் சொன்னதன் சாரம் இதுதான். விற்கிறவனுக்கு வண்டியின் லட்சணம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் ஒரு நடுத்தர விலைதான் கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் "போய்யா, இந்த விலைக்கு நானே ஓட்டிக்கிறேன்" என்று போய்விடுவான். ஓட்டை வண்டிக்காரன் மட்டும் மிஞ்சுவான்.

இதைக் கார்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு ஆள் நேர்மையாக "ஆமாம் தம்பி, ஆறு மாசம் மைனிங் ஓட்டினேன், பேஸ்ட் மாத்திட்டேன், பில் இருக்கு, ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்துட்டு எடுத்துக்கோ" என்கிறார். பையன் பயந்து ஓடிவிடுவான், அல்லது பாதி விலைக்குக் கேட்பான். இன்னொருத்தன் "சேச்சே, மைனிங்கா? என் தம்பி வேலரன்ட் மட்டும்தான் ஆடினான், வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்" என்று கூசாமல் அளக்கிறான். பில் இல்லை, டப்பா இல்லை, டெஸ்ட் செய்ய சிஸ்டமும் இல்லை. முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போவான். கேள்வி கேட்டதால் உண்மையைச் சொன்னவன் நஷ்டப்பட்டான், புளுகியவன் லாபப்பட்டான். நாலு தடவை இப்படி நடந்தால் உண்மையைச் சொன்னவனும் அடுத்த தடவை தம்பி கதையை எடுத்துவிடுவான். சந்தையைப் புளுகர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது யார்? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தான்.

இனி "புதுசா வாங்கு" கோஷ்டி.

புதுசு என்றால் அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும்? ரூபாய் விலை வாரா வாரம் ஆடுவதால் கம்பெனிகளே அறிவித்த டாலர் விலையில் பேசுவோம். 2016-ல் ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 480 என்ற கார்டைக் கொண்டுவந்தது. 4 ஜி.பி. மாடல் 199 டாலர். மெமரிக்கு 256 பிட் பாதை, மதர்போர்டோடு பேச 16 லேன், கேம் ஆடுவதைப் பதிவு செய்யவும் ஸ்ட்ரீம் செய்யவும் வீடியோ என்கோடர். ஆறு வருடம் கழித்து, 2022 ஜனவரியில், அதே கம்பெனி ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்று ஒன்றைக் கொண்டுவந்தது. விலை அதே 199 டாலர். மெமரி அதே 4 ஜி.பி. பாதை 64 பிட். லேன் வெறும் நாலு. வீடியோ என்கோடரே கிடையாது, பிடுங்கிவிட்டார்கள்!

அந்த நாலு லேன் விஷயம்தான் வயிற்றெரிச்சல். மதர்போர்டும் பிராசசரும் புதியவையாக, பி.சி.ஐ.ஈ. 4.0 வகையாக இருந்தால் நாலு லேனில் ஒருமாதிரி சமாளிக்கும். பட்ஜெட்காரன் வைத்திருப்பது பழைய 3.0 போர்டு. அதில் பாதை பாதியாகிவிடும், கேம் திக்கித் திணறும். யாருக்காக மலிவு கார்டு என்று விற்றார்களோ அவர்களுடைய கம்ப்யூட்டரில்தான் அது மோசமாக ஓடும். ஏழைக்கென்று செய்த செருப்பு பணக்காரன் காலுக்கு மட்டும் பொருந்துமாம்! ஆறு வருட விஞ்ஞான வளர்ச்சி கரண்ட் பில்லைக் குறைத்ததைத் தவிர, வாங்குகிறவன் கையில் என்ன வைத்தது?

ஏன் இப்படி என்பதற்குக் கம்பெனிகளின் கணக்குப் புத்தகமே சாட்சி. என்விடியாவின் 2020 நிதியாண்டில் மொத்த வருமானம் சுமார் 1,090 கோடி டாலர், அதில் கேமிங் சுமார் 550 கோடி. பாதிக்கு மேல். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மொத்தம் சுமார் 13,050 கோடி டாலர், கேமிங் சுமார் 1,135 கோடி. நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. மீதியில் பெரும்பங்கு ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் கொட்டிக்கொடுத்தது. லட்சங்களுக்கு சிப் வாங்குகிறவன் வாசலில் வரிசையில் நிற்கும்போது பன்னிரண்டாயிரம் வைத்திருக்கிற பையனை எந்தக் கடைக்காரன் ஏறெடுத்துப் பார்ப்பான்? மெமரி சிப் செய்கிற கம்பெனிகளும் அதே பக்கம் சாய்ந்துவிட்டன. மைக்ரான் தன்னுடைய க்ரூஷியல் என்ற கடைச் சரக்கு வியாபாரத்தையே இழுத்து மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. "ஆறு மாசம் பொறு" என்கிற புண்ணியவான் இதையெல்லாம் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பேசலாம். பொறுத்தால் விலை இறங்கும் என்பது தாத்தா காலத்து கம்ப்யூட்டர் சாஸ்திரம்.

தேய்மானக் கணக்கும் அந்தப் பக்கம் இல்லை. கம்ப்யூட்டருக்கு வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிற தேய்மானம் வருடத்துக்கு 40 சதவீதம். அந்த வீதத்தில் எழுதிக்கொண்டே போனால் 100 ரூபாய்ப் பொருள் மூன்று வருடத்தில் 21 ரூபாய் 60 காசு. இது கணக்கு நோட்டில். கார்டோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த இறக்கம் முழுவதையும் முதல் ஆள் சுமந்துவிட்டான். அதோடு, 20,000 ரூபாய்க்குப் புதுக் கார்டு வாங்கினால் அதில் சுமார் 3,050 ரூபாய் ஜி.எஸ்.டி. பில் போட்டுக் கடை வாசலைத் தாண்டிய நிமிடமே அந்தக் காசு திரும்பாது. இதையும் முதல் ஆளே கட்டிவிட்டான். இவ்வளவையும் ஒருத்தர் நமக்காகக் கட்டி வைத்திருக்க, "வேண்டாம், நானும் கட்டுவேன்" என்று அடம்பிடிப்பதற்கு என்ன பேர் வைப்பது?

ஆக செகண்ட் ஹேண்ட்தான் கதி. அதில் தப்பும் இல்லை, அவமானமும் இல்லை. ஆனால் அங்கே உண்மையான கண்ணிவெடி ஒன்று புதைந்திருக்கிறது. அதைப் புதைத்தது ஓ.எல்.எக்ஸ். ஆசாமி அல்ல, பெரிய கம்பெனிகள்தான். கார்டின் பெயர்!

ஜி.டி.எக்ஸ். 1060 என்று 2016-ல் ஒன்று வந்தது. 6 ஜி.பி. ஒன்று, 3 ஜி.பி. ஒன்று. கடைக்குப் போகிறவன் என்ன நினைப்பான்? சிப் ஒன்றுதான், மெமரி மட்டும் கம்மி என்றுதானே? இல்லை. 6 ஜி.பி.யில் 1,280 கோர், 3 ஜி.பி.யில் 1,152. சிப்பையே நறுக்கிவிட்டு அதே பெயரை ஒட்டினார்கள். ஜி.டி. 1030 என்ற குட்டிக் கார்டு 2017-ல் ஜி.டி.டி.ஆர். 5 மெமரியோடு வந்தது, விநாடிக்கு 48 ஜி.பி. வேகம். 2018-ல் சத்தமில்லாமல் சாதாரண டி.டி.ஆர். 4 மெமரி போட்ட இன்னொன்று வந்தது, வேகம் 16.8. மூன்றில் ஒரு பங்கு! பெயர்? அதே ஜி.டி. 1030. கரகாட்டக்காரன் செந்திலின் வாழைப்பழக் கணக்கு தோற்றுவிடும். ஏ.எம்.டி. மட்டும் உத்தமரா? ஆர்.எக்ஸ். 580-க்கு 2,304 கோர். 2018-ல் சீனாவில் 2,048 கோரோடு "580 2048 எஸ்.பி." என்று விற்றார்கள். அது வேறொன்றுமில்லை, ஆர்.எக்ஸ். 570-க்குக் கட்டிய புது வேட்டி. அந்தச் சரக்கு கப்பல் ஏறி வரும்போது "2048 எஸ்.பி." என்ற வால் வழியிலேயே அறுந்து விழுந்துவிடுகிறது. ஆர்.டி.எக்ஸ். 3050-யிலும் அதே கதை. 2022-ல் வந்த 8 ஜி.பி.க்கு 2,560 கோர், 128 பிட். 2024-ல் வந்த 6 ஜி.பி.க்கு 2,304 கோர், 96 பிட்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது, 16 ஜி.பி. ஒன்று, 12 ஜி.பி. ஒன்று. இரண்டும் வேறு வேறு சிப். காசுள்ளவர்கள் வாங்குகிற சாமான் இல்லையா, உலகமே கத்தியது. ஒரே மாதத்துக்குள், பெயர் குழப்புகிறது என்று சொல்லி 12 ஜி.பி.யை வாபஸ் வாங்கினார்கள். அதுவே பிறகு வேறு பெயரில், நூறு டாலர் குறைந்த விலையில் வந்தது. ஜி.டி. 1030 வாங்கி ஏமாந்தவன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அந்தப் பெயர் கடைசி வரை மாறவே இல்லை. எத்தனை ரூபாய் கார்டு என்பதைப் பொறுத்துத்தான் குழப்பம் குழப்பமாகிறது போலிருக்கிறது!

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட எத்தனை கிராம் என்று அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். 2011-ம் வருட பொட்டலப் பொருள் விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பிஸ்கட்டைச் சின்னதாக்கினால் கிராமையும் மாற்றிப் போட்டாக வேண்டும். கிராபிக்ஸ் கார்டு டப்பாவில் டிராகன் படம் இருக்கும், ரோபோ படம் இருக்கும். ஜி.பி. போட்டிருக்கும். கோர் எத்தனை, பாதை எத்தனை பிட்? பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் பல டப்பாக்களில் கிடைக்காது. புது டப்பாவின் கதியே இது என்றால், டப்பா தொலைந்துபோய் நாலு வருடம் கழித்து மூன்றாவது கைக்கு வருகிற கார்டில் என்ன தெரியும்? "1030 ப்ரோ, செம கண்டிஷன்" என்று விற்கிற பையனுக்கே அது எந்த 1030 என்று தெரியாது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குப் பொய்யாகவே விற்றிருக்கிறார்கள்.

மைனிங் விஷயத்திலும் இதே இரட்டை வேடம்தான். கார்டுகள் மைனிங்குக்கு அள்ளப்பட்டபோது காசு பார்த்தது யார்? 2018 நிதியாண்டில் கேமிங் வருமானம் ஏறியதில் கிரிப்டோ மைனிங்குக்குப் பெரிய பங்கு இருந்ததை முதலீட்டாளர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று அமெரிக்க பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு என்விடியாவைப் பிடித்தது. 2022 மே மாதம் 55 லட்சம் டாலர் கட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். மைனிங்குக்கென்றே டிஸ்ப்ளே போர்ட் இல்லாத பி106 கார்டுகளும் வந்தன. அவை இன்று "1060 6 ஜி.பி." என்ற பெயரில் கைமாறுகின்றன. மானிட்டர் வயரைச் செருக ஓட்டையே இருக்காது. செய்தவர்கள் கோடீஸ்வரர்கள், சந்தேகப்படுவதோ கார்டை விற்க வந்திருக்கும் பக்கத்துத் தெரு அண்ணனை!

அதனால் விற்பவரைக் குறுக்கு விசாரணை செய்வதை விட்டுவிட்டு, கார்டை விசாரிக்க வேண்டும். கார்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. (கொஞ்சம் தெரியும். பழைய ஜி.டி.எஸ். 450-ன் பயாஸை மாற்றி 1050 டி.ஐ. என்று வேஷம் போட்டவர்கள் உண்டு. அதற்காகத்தான் ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் 2018-லிருந்து போலி என்விடியா கார்டு தெரிந்தால் பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுக் காட்டுகிறது.) அந்த மென்பொருளைத் திறந்தால் கோர் எத்தனை, பாதை எத்தனை பிட், மெமரி எந்த வகை எல்லாம் ஒரே ஜன்னலில் தெரியும். வாங்க நினைக்கிற மாடலுக்கு என்ன எண் இருக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் இரண்டே நிமிட வேலை. அதன் பிறகு ஃபர்மார்க்கை ஒரு கால் மணி நேரம், ஏதாவது ஒரு கனமான கேமை அரை மணி நேரம். திரையில் புள்ளி, கோடு, கலர் கட்டம் எதுவும் தெறிக்கக் கூடாது. சூடு ஏறிக்கொண்டே போகாமல் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். பின்பக்கம் எத்தனை போர்ட் இருக்கிறதோ அத்தனையிலும் வயர் மாட்டிப் பார்க்க வேண்டும். வெட்கப்படாதீர்கள். கத்தரிக்காய் வாங்கும்போது அம்மா திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லையா?

உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஆள் ஒருவன் இருக்கிறான். செத்த கார்டை ஹீட் கன்னால் வாட்டி உயிர்ப்பித்து விற்பவன். விரிசல் விட்ட இணைப்புகள் அந்தச் சூட்டில் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். கடையில் வைத்துப் பார்க்கும்போது ஜம்மென்று ஓடும். இரண்டு வாரமோ ஒரு மாதமோ கழித்து ஒரு ராத்திரி திரை கறுத்துவிடும். சிப்பைச் சுற்றி ஃப்ளக்ஸ் பிசுக்கு, போர்டில் பழுப்பு நிறம், திருகுகளில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய தழும்பு, இதெல்லாம் அடையாளம். வெறுமனே பேஸ்ட் மாற்றியிருந்தாலும் திருகு தேய்ந்திருக்கும், அது தோஷமில்லை. பிசுக்கும் பழுப்பும் தோஷம். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பழைய சரக்குக்கு "டெஸ்டிங் வாரண்டி" என்று ஒரு வாரம் பத்து நாள் சொல்வார்கள். வாயால் சொல்வதை ஒரு சீட்டில் எழுதி, கார்டின் சீரியல் நம்பரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் நிற்காதீர்கள். வாட்டிய கார்டு விற்கிறவன் எழுதித் தர யோசிப்பான். அந்த யோசனையே போதுமான டெஸ்ட்.

சட்டமும் ஒன்றும் அனாதையாக விடவில்லை. 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15. விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். பழசா புதுசா என்ற பேச்சே அங்கே இல்லை. "ஆர்.எக்ஸ். 580" என்று எழுதி விற்றுவிட்டு 2,048 கோர் கார்டைக் கொடுத்தால் அது விவரத்துக்குப் பொருந்தாத சரக்கு. பத்தாயிரத்துக்காக யாரும் கோர்ட் படி ஏறப் போவதில்லை, வாஸ்தவம். ஆனால் வாட்ஸப்பில் மாடல் பெயரையும் கோர் எண்ணிக்கையையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு பேசுகிறவனிடம் விற்கிறவனும் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேசுவான்.

எதை வாங்குவது என்று கேட்டால், விலையை மட்டும் பார்த்து ரொம்பப் பின்னால் போகாமல் இருப்பது நல்லது. 10 வரிசை ஜி.டி.எக்ஸ். கார்டுகளுக்கு என்விடியா புது கேம்களுக்கான டிரைவர் கொடுப்பதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது மட்டும், அதுவும் 2028 வரைக்கும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம் இரண்டுக்கும் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு கட்டாயம். 1060-ல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. வேலரன்ட், ஜி.டி.ஏ. 5 போதும் என்பவனுக்கு இன்றும் 1060 6 ஜி.பி. தாராளம். அதற்கு மேல் ஆசை இருந்தால் ஆர்.எக்ஸ். 6600 மாதிரி ஒன்று. அந்த இரண்டு கேம்களின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலேயே அதன் பெயர் இருக்கிறது. ஆபீஸ் கழித்துப்போட்ட டெல், ஹெச்.பி. பெட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கார்டுக்கு முன்னால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்க்கவும். 6600-க்கே 132 வாட் வேண்டும். அந்தப் பெட்டிகளில் பலவற்றில் கார்டுக்கென்று தனி பவர் வயரே வராது. கன்வர்ட்டர் மாட்டி ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் அவர் வீட்டிலேயே முதலில் மாட்டச் சொல்லுங்கள். தனி வயர் கேட்காத கார்டுதான் அந்தப் பெட்டிகளுக்குச் சரி.

கடைசியாக பில். செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது ஆர்.சி. புக் எங்கே என்று கேட்காதவன் உண்டா? கார்டுக்கு ஆர்.சி. புக் என்பது அந்த ஒரிஜினல் பில்தான். வாரண்டி மீதி இருக்கிற கார்டில் சில கம்பெனிகள் சீரியல் நம்பரை மட்டும் பார்த்துச் சரிசெய்து தருகின்றன, சில கம்பெனிகள் முதல் ஆளின் பில்லைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்புகின்றன. பொருள் அதே பொருள், பழுது அதே பழுது, கை மாறினால் மட்டும் பொறுப்பு எப்படி ஆவியாகிப் போகும்? மூன்று வருட வாரண்டி என்று சேர்த்து விலை போட்டுத்தான் விற்றார்கள். முதல் ஆள் ஒன்றரை வருடத்தில் விற்றுவிட்டால் மீதி ஒன்றரை வருடத்துக்கு வாங்கிய காசு கம்பெனிக்கு இனாமா? பைக்குக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேர் மாற்றித் தருகிறார்கள். இவ்வளவு பெரிய சிப் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு சீரியல் நம்பரில் பெயர் மாற்றத் தெரியாதா என்ன? அது வருகிற வரைக்கும், "மைனிங் கார்டா ப்ரோ" என்பதற்குப் பதிலாக "பில் இருக்கா அண்ணே" என்று கேளுங்கள்.